ஹியூமின் வயிறும் நான்கு மருத்துவர்களும்

1776 ஏப்ரலில், எடின்பரோவிலிருந்து ஜோசப் பிளாக் லண்டனில் தங்கியிருந்த ஆடம் ஸ்மித்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடிதம் அவர்கள் இருவருக்கும் பொது நண்பரான தத்துவஞானி டேவிட் ஹியூமின் உடல்நிலையைப் பற்றியது. பல ஆண்டுகளாக மெல்ல மெல்லத் தளர்ந்துவந்தவர், கடந்த ஓராண்டில் விரைவாகச் சரிகிறார். இரவில் உடம்பெல்லாம் கொதிப்பதுபோல் இருக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்கிறது, தாகமோ உள்ளே பதற்றமோ இல்லை. அவரை இப்போது அரித்துக்கொண்டிருப்பது வயிற்றுப்போக்கும் குடைச்சலும். உள்ளே இரத்தம் கசிகிறது. அதன் தோற்றத்தைப் பார்த்தால் குடலின் மேற்பகுதியிலிருந்து வருவதாகத் தெரிகிறது. தன் தாயாருக்கும் இதே உடல்வாகு, இதே நோயில்தான் அவரும் போனார் என்று ஹியூம் சொல்கிறார். அதனாலேயே பிழைக்கும் நம்பிக்கையை விட்டுவிட்டார். இந்த நிலையில் ஸ்மித் விரைவில் வந்தால் நல்லது.

பதினெட்டாம் நூற்றாண்டின் மருத்துவக் கடிதங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கடிதம் கொஞ்சம் வியப்பளிக்கும். பித்தம் எங்கே தேங்கியது, நரம்புகள் எப்படித் தளர்ந்தன என்ற விளக்கங்களைத்தான் அத்தகைய கடிதங்களில் எதிர்பார்ப்போம். பிளாக் கண்ணால் கண்டதை ஒருபக்கமும், அதிலிருந்து தான் ஊகித்ததை இன்னொரு பக்கமுமாக வைக்கிறார். வயிற்றுப்போக்கு உட்கசிவால் வருவது என்று சொல்லும்போது, அது தன் நம்பிக்கை என்றே குறிப்பிடுகிறார். அதற்குப் பின் நான்கு மாதங்களில் மூன்று பெரிய மருத்துவர்கள் ஹியூமின் வயிற்றுக்கு மூன்று வெவ்வேறு விளக்கங்கள் கொடுத்தார்கள். அவற்றையும் பிளாக்கின் கடிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அன்றைய மருத்துவம் எந்தத் திருப்பத்தில் நின்றது என்பது தெரியவருகிறது.

நோயாளி மருத்துவர்களுக்குப் புதியவர் அல்லர். 1729இல், பதினெட்டு வயதில், இரவும் பகலும் படித்துக்கொண்டிருந்த ஹியூமுக்குத் திடீரென்று மனச்சோர்வு வந்தது. விரல்களில் சொறிபோன்ற புள்ளிகள் தோன்றின. பிறகு வாயில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. உள்ளூர் மருத்துவர் சிரித்துவிட்டு, ‘படித்தவர்களின் நோய்’ உன்னையும் பிடித்துக்கொண்டது, இனி நீ எங்கள் கூட்டத்தில் ஒருவன் என்றாராம். கசப்பு மருந்துகள், நரம்புக் கோளாறுக்கு அன்று வழக்கமாகக் கொடுத்த மாத்திரைகள், நாளுக்கு ஒரு பைன்ட் செவ்வொயின், எட்டு முதல் பத்து ஸ்காட்டிஷ் மைல் குதிரைச் சவாரி: இவ்வளவும் ஏழு மாதம் நடந்தது. 1731 மே மாதத்தில் அடங்காத பசி வந்தது. ஒல்லியாய், எலும்பு தெரிய நின்ற நெட்டையான பையன் ஆறு வாரத்தில் கட்டுமஸ்தான, சிவந்த முகமுடைய இளைஞனாகிவிட்டான். இதையெல்லாம் 1734இல் லண்டன் மருத்துவர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் ஹியூமே பதிவு செய்திருக்கிறார். அந்த மருத்துவர் ஜார்ஜ் செய்னா, ஜான் ஆர்பத்நட்டா என்பதில் அறிஞர்கள் இரு கட்சியாக நிற்கிறார்கள்.

அந்தப் பசி அவரை விட்டுப் போகவே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியபின், சமையலே இனித் தன் எஞ்சிய வாழ்நாளின் கலை என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டார். முட்டைக்கோசு போட்ட மாட்டிறைச்சியும் ஆட்டுத்தலைச் சூப்பும் தன் கைப்பக்குவம் என்பார். எடின்பரோவில் அவர் பருமன் ஒரு கேலிப்பொருள். அந்த உடம்புதான் 1775 வசந்தத்தில் கரையத் தொடங்கியது. 1776 பிப்ரவரியில் ஸ்மித்துக்கு அவரே எழுதினார்: நிறுத்துப் பார்த்தேன், முழுசாக ஐந்து ஸ்டோன் குறைந்திருக்கிறது; நீ வரத் தாமதித்தால் நான் மொத்தமாக மறைந்துபோயிருப்பேன். ஐந்து ஸ்டோன் என்பது எழுபது பவுண்டு, கிட்டத்தட்ட 32 கிலோ.

இங்கே பிளாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேதியியல் வரலாற்றில் அவர் பெயர் இரண்டு விஷயங்களுக்காக நிற்கிறது: இன்று கார்பன் டை ஆக்சைடு என்று நாம் அழைக்கும் ‘நிலைத்த காற்றை’ இனங்கண்டது, உள்ளுறை வெப்பத்தை அளந்தது. அவர் மருத்துவர் என்பது பாடநூல்களில் மங்கிப்போய்விட்டது. 1728இல் பிரான்சின் போர்தோ நகரில், பெல்ஃபாஸ்ட்டிலிருந்து சென்று குடியேறிய ஒயின் வணிகருக்குப் பிறந்தவர். கிளாஸ்கோவில் வில்லியம் கல்லனிடம் பயின்று, 1754இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்துக்கு அவர் எழுதிய லத்தீன் ஆய்வேட்டின் பொருள் உணவால் வயிற்றில் தோன்றும் புளிப்பும், அதற்கு மருந்தாகும் வெள்ளை மக்னீசியாவும். நெஞ்செரிச்சலுக்கு மாற்றுத் தேடியவர் ஒவ்வொரு வினைக்கும் முன்னும் பின்னும் மக்னீசியாவைத் தராசில் வைத்து நிறுத்தார். சூடாக்கியபோது எடை குறைந்தது. போன எடை எங்கே என்று துரத்தியபோது ஒரு காற்று அகப்பட்டது. நவீன வேதியியலின் ஒரு பெரிய கதவு, அஜீரணத்தைத் தட்டப்போய்த் திறந்தது.

அந்த ஆய்வின் விரிந்த வடிவம் எடின்பரோ தத்துவக் கழகத்தின் கட்டுரைத் தொகுதியில் 1756இல் அச்சானது. அந்தக் கழகத்தின் இரு செயலர்களில் ஒருவராக 1751 முதல் இருந்தவர் ஹியூம்.

பிளாக்குக்கு வயிற்றின் புளிப்பைப் பற்றி ஐரோப்பாவில் வேறெவரையும்விட அதிகம் தெரிந்திருந்தது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. ஆனால் அந்த அறிவு நோயாளியின் படுக்கையருகே எவ்வளவு தூரம் வரும்? சீரணம் என்பது சமைபடுவதா, அழுகுவதா, அரைபடுவதா, கரைபடுவதா என்ற சண்டையே அன்று ஓயவில்லை. பிரான்சில் ரியோமூர் தன் வளர்ப்புப் பருந்தை ஓட்டையிட்ட உலோகக் குழாய்களை விழுங்கவைத்து, உள்ளே இருந்த இறைச்சி அரைபடாமலே கரைந்துபோவதை 1752இல் காட்டினார். இரைப்பையில் சுரக்கும் அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று வில்லியம் பிரவுட் நிறுவுவதற்கு 1820கள் வர வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்களை ஆண்டது வகைப்பாடு. பிளாக்கின் ஆசிரியர் கல்லன் 1769இல் நோய்களைத் தாவரங்களைப்போல வகை பிரித்து ஒரு நூல் எழுதினார். ‘நியூரோசிஸ்’ என்ற சொல்லே அவர் தந்ததுதான். அதில் அஜீரணத்தை அவர் வைத்தது நரம்பு நோய்களின் வரிசையில். வயிறு வலித்தால் நரம்பைத் தேற்ற வேண்டும் என்பது அன்றைய எடின்பரோவின் பொதுக் கொள்கை.

கல்லனிடம் சிகிச்சை கேட்டவர்களில் பெரும்பகுதியினர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. கடிதம் எழுதுவார்கள், பசி, மலம், தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக விவரிப்பார்கள், அவர் உணவுமுறையும் மருந்தும் எழுதி அனுப்புவார். பதில்களுக்கெல்லாம் நகல் வைத்துக்கொண்டார். 1781க்குப் பிறகு ஜேம்ஸ் வாட்டின் நகலெடுக்கும் இயந்திரம் அந்த வேலையைச் செய்தது. எடின்பரோ அரச மருத்துவர் கல்லூரியில் அவை ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. நோயாளியைத் தொடாமலே நோயைக் கணிக்க முடிந்தது என்றால், தொடுவது கணிப்புக்குத் தேவை என்று கருதப்படவில்லை என்றே பொருள். நாடி பார்ப்பார்கள், நாக்கைப் பார்ப்பார்கள், கழிவைப் பார்ப்பார்கள். வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்ப்பது அறுவையாளர்களின் பழக்கம். அவர்கள் அப்போது படிநிலையில் ஒரு படி கீழே இருந்தவர்கள். மார்பைத் தட்டி உள்ளே இருப்பதை அறியலாம் என்று வியன்னாவில் ஔவன்ப்ருக்கர் 1761இல் எழுதிய நூலையே மருத்துவ உலகம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு திரும்பிப் பார்க்கவில்லை.

நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, ஏப்ரல் 21ஆம் தேதி ஹியூம் லண்டனுக்குப் புறப்பட்டார். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்புதான் தன் வாழ்க்கையைச் சில பக்கங்களில் எழுதி முடித்திருந்தார். குடல் நோய் வந்தது, முதலில் அஞ்சவில்லை, இப்போது இது தீராதது என்று எண்ணுகிறேன் என்று அதில் பதறாமல் ஒரு குறிப்பு இருக்கிறது. வழியில் மார்பெத் என்ற ஊரில், தன்னைப் பார்க்க வடக்கே வந்துகொண்டிருந்த நாடகாசிரியர் ஜான் ஹோமையும் ஆடம் ஸ்மித்தையும் சந்தித்தார். ஹோம் அவரோடு தெற்கே திரும்பிவிட்டார். ஸ்மித் தன் முதிய தாயாரைக் காணக் கிர்க்கால்டிக்குப் போனார்.

லண்டனில் அவரைப் பார்த்தவர் சர் ஜான் பிரிங்கிள். அரச கழகத்தின் தலைவர். படைவீரர்களின் நோய்களைப் பற்றி 1752இல் அவர் எழுதிய நூல் ராணுவ மருத்துவத்தின் அடிப்படை நூல். அழுகலைத் தடுக்கும் பொருள்களைப் பற்றிய சோதனைகளுக்காகக் காப்ளி பதக்கம் பெற்றவர். இந்த இருவருக்கும் இடையே ஒரு பழைய கதையும் உண்டு. பிரிங்கிள் இளமையில் எடின்பரோவில் அறவியல் பேராசிரியர். அவர் அந்தப் பதவியை விட்டபோது 1744–45இல் அதற்கு முயன்றவர் ஹியூம். நாத்திகர் என்ற பழி சுமத்தி மதகுருமார்கள் அதைத் தடுத்துவிட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து அந்த நாற்காலியின் முன்னாள் உரிமையாளர், அது கிடைக்காமல் போனவரின் குடலைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்: பெருங்குடலில் ஒரு சுருக்கம்.

அங்கிருந்து பாத். நிலத்தடியிலிருந்து 46 பாகை வெப்பத்தில் பொங்கும் நீரைக் குவளை குவளையாகக் குடிக்க இங்கிலாந்தின் வசதியுள்ள வயிறுகளெல்லாம் கூடும் ஊர். அங்கே டாக்டர் கஸ்டார்ட் இது பித்தக் கோளாறு என்றார். பாத் நீருக்கென்றே வந்த நோய் என்றும், குணமாவது உறுதி என்றும் நம்பிக்கை கொடுத்தார். நீர் முதலில் கொஞ்சம் ஒத்துக்கொண்டது. ஹியூமுக்கே சற்று ஆசை துளிர்த்தது. பிறகு எல்லாம் பழைய வேகத்தில் திரும்பின.

அந்தச் சமயத்தில் ஜான் ஹன்ட்டர் பாத்துக்கு வந்தார். லண்டனின் புகழ்பெற்ற அறுவையாளர், உடற்கூற்று வல்லுநர். இறந்தவர்களின் இரைப்பைச் சுவரைச் சீரணநீரே அரித்துவிடுகிறது என்று 1772இல் அரச கழகத்துக்கு ஒரு கட்டுரை தந்தவர். அதை எழுதச் சொல்லித் தூண்டியவர் பிரிங்கிள்தான். ஹன்ட்டர் ஹியூமைப் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தார். கல்லீரலில் ஒரு கட்டி தெளிவாகத் தட்டுப்படுகிறது என்றார். கொஞ்ச நாளில் அது ஹியூமின் விரலுக்கே அகப்பட்டது: முட்டை அளவு, தட்டையாகவும் வட்டமாகவும்.

இதைத் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் ஹியூம் சொல்லும் விதம் அலாதியானது. மற்றவர்கள் சொன்னது தர்க்கத்தால் பெற்றவை. இதுவோ புலனுக்கு நேரே தெரிவது, அதுவும் ஐரோப்பாவின் தலைசிறந்த உடற்கூற்றாளரின் புலனுக்கு. ஆகவே ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும் என்கிறார். அவநம்பிக்கைக்குப் பெயர்போன புனித தோமாகூடத் தன் விரல்களின் சாட்சியத்துக்கு மேல் கேட்கவில்லையே என்று ஒரு குத்தும் வைக்கிறார். அற்புதங்களைப் பற்றிய சாட்சியங்களை எப்படி எடைபோடுவது என்று 1748இல் எழுதி ஐரோப்பாவின் பாதிரிமார்களைக் கொதிக்கவைத்தவர், தன் மரணத்தின் சாட்சியத்தையும் அதே தராசில் போடுகிறார். வேடிக்கைதான். ஆனால் இதில் மருத்துவ வரலாற்றுக்குரிய கூர்மையான பார்வை ஒன்றும் இருக்கிறது என்பது என் கருத்து. மோர்காக்னி பிணங்களை அறுத்து ஒவ்வொரு நோய்க்கும் உடலில் ஓர் இருப்பிடம் உண்டு என்று காட்டிய பெருநூல் 1761இல் வந்தது; 1769இல் அதன் ஆங்கிலமாக்கமும் வந்துவிட்டது. நோய் என்ன தன்மையது என்ற கேள்வி விலகி, நோய் எங்கே இருக்கிறது என்ற கேள்வி முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. கஸ்டார்ட் முதல் கேள்விக்குப் பதில் சொன்னார். பிரிங்கிள் இரண்டாவதற்கு, ஆனால் ஊகத்தால். ஹன்ட்டர் இரண்டாவதற்கு விரலால்.

அந்த ஜூனில் கிர்க்கால்டியிலிருந்து ஸ்மித் எழுதிய ஆலோசனை, மருத்துவர்கள் சொன்ன எதையும்விட எனக்கு நியாயமாகப் படுகிறது. கனிமநீரும் மருந்துக்கடைச் சரக்கைப் போன்ற ஒரு மருந்துதான். உடம்பில் அதே முரட்டுத்தனத்தோடு வேலை செய்கிறது. இருக்கிற நோயோடு இன்னொரு நோயைச் சேர்க்கிறது. காற்று மாற்றமும் அளவான பயணமும் அப்படிப் புது நோயைத் தருவதில்லை. பொருளாதாரத்தின் தந்தை என்று நாம் அறிந்தவர், மருந்தின் வரவுசெலவுக் கணக்கைப் பார்த்துச் சொன்னது இது.

ஜூலைத் தொடக்கத்தில் ஹியூம் எடின்பரோ திரும்பினார். பிளாக் மறுபடி அவர் பக்கத்தில் இருந்தார், கல்லனும் பார்த்துக்கொண்டார். கட்டி இருக்கிறது என்று தெரிந்ததால் சிகிச்சையில் மாறியது ஒன்றுமில்லை. மயக்க மருந்து வருவதற்கு எழுபது ஆண்டு முன், கல்லீரலைக் கத்தியால் தொடுவது கனவிலும் நடவாதது. ஹன்ட்டரின் விரல் நோயின் இடத்தைச் சொன்னது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. மீதி வேலை பிளாக்குடையது: எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது, யாரைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் பேசலாம். ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை, எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் வந்தார். மெலிந்து, வெளிறி, ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம் மறுமை உண்டா என்று குடைந்தார். சாகும்போதாவது இவர் மனம் மாறுவாரா என்று பார்க்க வந்தவர் மாறாததைக் கண்டு கலங்கிப்போனார். ஆகஸ்டில் நெருங்கிய நண்பர்களின் பேச்சுகூட ஹியூமைக் களைப்படையச் செய்தது. அதனால் ஸ்மித் கிர்க்கால்டிக்குத் திரும்பினார். நிலைமையைத் தவறாமல் எழுதுவதாகப் பிளாக் ஏற்றுக்கொண்டிருந்தார். 23ஆம் தேதி, எழுந்திருக்க முடியாமல், அண்ணன் மகனின் கையால் ஹியூம் ஸ்மித்துக்கு எழுதிய கடைசிக் கடிதம் இதை உறுதி செய்கிறது: லேசான காய்ச்சல் வந்தது, இந்தச் சலிப்பூட்டும் நோயை அது சீக்கிரம் முடித்துவைக்கும் என்று நினைத்தேன், துரதிருஷ்டவசமாகப் போய்விட்டது, நீங்கள் எனக்காக இங்கே வர வேண்டாம், என் பலம் எவ்வளவு என்பதை டாக்டர் பிளாக் உங்களுக்குச் சொல்வார்.

ஆகஸ்ட் 25, மாலை நான்கு மணியளவில் ஹியூம் இறந்தார். மறுநாள் பிளாக் ஸ்மித்துக்கு எழுதியது ஏப்ரல் கடிதத்தைப் போலவே இருக்கிறது. வியாழன் இரவுக்கும் வெள்ளிக்கும் இடையே வயிற்றுப்போக்கு மிகுந்து அவரைப் படுக்கையோடு கிடத்தியது. கடைசிவரை நினைவு தெளிவாக இருந்தது. பெரிய வலி இல்லை. எரிச்சல்பட்டு ஒரு சொல் சொல்லவில்லை. ஸ்மித் இதைத் தன் கடிதமொன்றில் சேர்த்து 1777இல் ஹியூமின் தன்வரலாற்றோடு வெளியிட்டபோது, கடவுளை நம்பாதவன் இவ்வளவு அமைதியாகச் சாகலாமா என்று இங்கிலாந்து கொதித்தது. பிரிட்டனின் வணிக முறையைத் தாக்கித் தான் எழுதியதற்குக் கிடைத்ததைவிடப் பத்து மடங்கு வசவு இந்தச் சிறு கடிதத்துக்குக் கிடைத்தது என்று ஸ்மித் பின்னர் குறைப்பட்டுக்கொண்டார். அந்தச் சர்ச்சையின் அடியில் சாட்சியாக இருந்தது ஒரு மருத்துவரின் நோய்க்குறிப்பு.

யார் சொன்னது சரி? குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய் என்பார் உண்டு. நாட்பட்ட குடற்புண் அழற்சி என்பாரும் உண்டு. இருநூற்றைம்பது ஆண்டு கழித்துக் கடிதங்களை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவதில் எனக்கு அதிக நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். முதல் விளக்கம் சரியென்றால், குடலின் மேற்பகுதியில் கசிவு என்ற பிளாக்கும், கல்லீரலில் கட்டி என்ற ஹன்ட்டரும் ஒரே நோயின் இரு முனைகளைப் பிடித்திருந்தார்கள். ஒரு நோய்க்கு ஓர் இருப்பிடம் என்று மோர்காக்னிக்குப் பின் வந்த தலைமுறை தேடியதால், இரண்டையும் கோத்துப் பார்க்கும் எண்ணம் ஹியூம் உட்பட எவருக்கும் வரவில்லை. ஹன்ட்டரின் கண்டுபிடிப்பு வந்ததும் பிளாக்கின் விளக்கம் பொய்த்துவிட்டதாகவே ஹியூம் எடுத்துக்கொண்டார். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்த ஒரு நோயாளியிடம் அது சற்று அவசரமான முடிவு.

பிளாக் வாழ்நாள் முழுக்கத் தன் உடம்பையும் பலவீனமாகவே சுமந்தவர். நுரையீரலிலிருந்து இரத்தம் வரும் தொல்லை இருந்ததால் குறைவாகத் தின்று, அளந்து நடந்து, ஆய்வுகளைக்கூட அச்சுக்குத் தராமல் ஒதுங்கியிருந்தார். அந்த மிதத்தை இன்னொரு நண்பரிடமும் கடைப்பிடிக்கச் சொன்னார். தத்துவப் பேராசிரியர் ஆடம் ஃபெர்குசனுக்கு 1780களின் தொடக்கத்தில் பக்கவாதம் வந்தது. அதுவரை நன்றாகத் தின்று குடித்துவந்தவரை இறைச்சியையும் மதுவையும் விடச் செய்து மரக்கறி உணவில் நிறுத்தினார் பிளாக். ஃபெர்குசன் தேறி நடமாடினார். 1799இல் பிளாக் இறந்தபோது எடின்பரோ அரச கழகத்துக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதியவர் அந்த ஃபெர்குசன்தான். தொண்ணூறு கடந்தும் வாழ்ந்து 1816இல் மறைந்தார்.